அசையாத படகு

விலை கூடிய கேமரா வாங்கினால் படம் தானாக நன்றாக வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். முதல் ஆறு மாதம் படம் கெட்டுத்தான் போகும். பழைய கேமராவில் பத்து வருடம் நான் எடுத்த பறவைப் படங்களை ஊரே மெச்சியது. புதுக் கேமராவில் எடுத்த முதல் நூறு படமும் குப்பைக்குப் போயின. கை அதே கை, கண் அதே கண். கேமராதான் மன்னிக்கத் தெரியாதது.

இதை ஏன் முதலில் எழுதுகிறேன் என்றால், இன்ஸ்பெக்டர் மேடம், பழனிவேல் ஏன் இடுப்பளவு சேற்றில் இறங்கி நிற்க வேண்டியிருந்தது என்று கேட்டீர்கள். அதற்குப் பதில் இங்கேதான் ஆரம்பிக்கிறது. கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள், எழுதுகிறேன். போலீசுக்கு எழுதிக் கொடுப்பது கோர்ட்டில் செல்லாது என்று எனக்கும் தெரியும். அதை நம்பியும் எழுதவில்லை, எதற்கும் பயந்தும் எழுதவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. ஆளுக்கொன்று சொல்வதைவிட நானே ஒழுங்காகச் சொல்லிவிடுவது நல்லது.

என் பெயர் எழிலன். பூர்வீகம் ஸ்ரீமுஷ்ணம் பக்கம், முந்திரிக் கொல்லை வைத்திருந்த குடும்பம். சிதம்பரத்தில் இருபது வருடமாக ஸ்டூடியோ நடத்துகிறேன். கல்யாணம், மஞ்சள் நீராட்டு, காதுகுத்து எல்லாம் எடுப்பேன். அது சோற்றுக்கு. விடிகாலையில் பிச்சாவரம் காட்டுக்குள் போய் எடுப்பது எனக்கு. அந்த இரண்டு மணி நேரத்தில்தான் நான் மனிதனாக இருப்பேன் என்று என் மனைவியிடமே சொல்லியிருக்கிறேன். அவள் சிரிக்கவில்லை.

புதுக் கேமராவைத் துபாயிலிருந்து கொண்டுவந்தது நாசர். பரங்கிப்பேட்டைக்காரன், காலேஜில் என்னோடு படித்தவன், அங்கே கேமராக் கடையில்தான் வேலை. ஃபுல் ஃப்ரேம், அறுபத்தொரு மெகாபிக்சல். கொக்கு ஒன்றை நூறடி தள்ளி நின்று எடுத்துவிட்டு, கம்ப்யூட்டரில் பெரிதாக்கினால் அதன் கால் செதிலை எண்ணலாம். ஆனால் உங்கள் உடம்பு ஒரு மயிரிழை அசைந்தாலும் அதையும் அப்படியே எண்ணிக் காட்டும். தரையில் நின்றால் சமாளிக்கலாம். படகில் என்ன செய்வீர்கள்? படகில் ட்ரைபாட் வைத்தால் ட்ரைபாடும் சேர்ந்து ஆடும். மூச்சு விட்டால் படகு ஆடுகிறது, தூரத்தில் மீன் துள்ளினால் ஆடுகிறது.

வழி கண்டுபிடித்தவன் பழனிவேல். அதை நான் ஒருநாளும் மறைத்ததில்லை. பகலில் சுற்றுலாப் படகு ஓட்டுவான். விடிகாலையில் தன் சொந்த மரப்படகில் என்னை அழைத்துப் போவான். ஒருநாள் நான் திரையைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டதைக் கண்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினான். படகுக் கயிற்றை இடுப்பில் ஒரு சுற்றுச் சுற்றி முடிந்தான். பின்பக்கமாக நின்று படகை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தான். படகு சுவரில் அடித்த ஆணி மாதிரி நின்றது. அன்றைக்கு எடுத்த மீன்கொத்தியை நாசருக்கு அனுப்பினேன், அவன் துபாயிலிருந்து போன் போட்டுத் திட்டினான், சந்தோஷத்தில்.

அதற்குப் பிறகு அதுவே எங்கள் முறையாகிவிட்டது. வேலை முடிந்ததும் நான் துடுப்பை நீட்டுவேன், அவன் அதைப் பிடித்துக் காலை உருவிக்கொண்டு ஏறுவான். கால் மாட்டுவதெல்லாம் தினப்படி நடப்பதுதான். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பேச்சு மட்டும் கூடாது என்று சொல்லியிருந்தேன். போன வருடம் நீர்நாய் ஒன்று கரைக்கு வந்த நேரத்தில் அவன் தும்மிவிட்டான். ஆறு மாதம் காத்திருந்து கிடைத்த நேரம் அது. அதற்குப் பிறகு பத்து நாள் அவனைக் கூப்பிடவில்லை, வேறு ஆளை வைத்துக்கொண்டேன். பதினோராம் நாள் அவனே ஸ்டூடியோவுக்கு வந்து நின்றான். இனிமேல் செத்தாலும் வாயைத் திறக்கமாட்டேன் என்று சொன்னான். பேச்சுக்குச் சொல்வதுதான், யாரும் சொல்வார்கள். அன்றைக்குத்தான் தட்டும் முறையை ஏற்படுத்தினோம். விரல் முட்டியால் படகின் பலகையில் மெதுவாகத் தட்ட வேண்டும். ஒரு தட்டு என்றால் ஏதோ கண்ணில் பட்டிருக்கிறது. இரண்டு என்றால் படகைத் திருப்பவா. மூன்று என்றால் கிளம்ப வேண்டும்.

நீர்நாயை அவனுக்குப் பிடிக்காது. வலையைக் கடித்துக் கிழிக்கிற பிராணி. "நாங்க கல்லால அடிக்கிற சனியன நீங்க பொண்ணு பாக்க வந்த மாதிரி பாத்துகினு இருக்கீங்களே சார்" என்று கிண்டல் செய்வான். ஆனால் அது எந்த வாய்க்காலில் குட்டி போட்டிருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொன்னவனும் அவன்தான். படத்தின் அடியில் உன் பேரும் வரும் என்று சொல்லியிருந்தேன். வந்தது. சொன்ன சொல்லை நான் காப்பாற்றினேன்.

அன்று தை அமாவாசைக்கு மறுநாள். தண்ணீர் வழக்கத்தைவிட அதிகம் ஏறும் என்று வரும்போதே சொன்னான். அவனுக்குத் தெரியாத தண்ணீரா, அவன் சொன்னால் சரி என்று விட்டுவிட்டேன். ஆறு இருபதுக்கு இடத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். சுரபுன்னை வேர்கள் தண்ணீருக்குள் இறங்கும் ஒரு திருப்பம் அது. அவன் இறங்கினான், முடிந்தான், பிடித்தான். ஆறரைக்குத் தாய் வெளியே வந்தது. பின்னாலேயே இரண்டு குட்டி.

உங்களுக்கு இது புரியுமா என்று தெரியவில்லை மேடம். விடிகிற வெளிச்சத்தில், முப்பதடி தூரத்தில், குட்டிகளோடு நீர்நாய். தாய் ஒரு குட்டியின் பிடரியைக் கவ்வித் தண்ணீரில் விடுகிறது, அது அலறிக்கொண்டு கரையேறுகிறது, மறுபடி விடுகிறது. நீந்தக் கற்றுக்கொடுக்கிறது. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. துடைக்கக்கூடக் கையை எடுக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் பின்னாலிருந்து காற்றுப் போலக் குரல் வந்தது. "சார், காலு மாட்டிக்கிச்சி, சேறு உள்ள இழுக்குது. தண்ணி ஏறிக்கினு வருது."

ஒரு நிமிஷம் என்று சொன்னேன். அசையாதே என்றும் சொன்னேன். அவன் ஏறுவதென்றால் படகு ஒரு பக்கம் சாயும், துடுப்பு தண்ணீரில் அடிக்கும், தாய் குட்டிகளைக் கவ்விக்கொண்டு உள்ளே போய்விடும், அதற்குப் பிறகு அந்த வாய்க்காலுக்கே வராது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைக்க எவனுக்கு மனம் வரும்?

ஆறு நாற்பத்தொன்றுக்குத் தட்டல் ஆரம்பித்தது. மூன்று தட்டு, சிறிது இடைவெளி, மறுபடி மூன்று. தினமும் ஏழு மணி வாக்கில் அவன் மூன்று தட்டுவது வழக்கம். சுற்றுலாப் படகுக்கு நேரமாகிவிட்டது என்று பொருள். அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன் என்று முதலில் உங்களிடம் சொன்னேன்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். ஏழேகாலுக்குப் படகுப் பக்கத்துக் கயிற்று முடிச்சை அவிழ்த்துவிட்டு, துடுப்புப் போட்டுக்கொண்டு தனியாகக் கரைக்கு வந்தேன். நான் பக்கத்து மண்திட்டில் இறங்கி உள்ளே நடந்து போய்ப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன், திரும்பி வந்து பார்த்தபோது பழனி தண்ணீருக்குள் இருந்தான் என்று ஊராரிடம் சொன்னேன். எல்லோரும் நம்பினார்கள். கால் மாட்டிச் சாவது அந்த உப்பங்கழியில் புதிதல்ல. இடுப்பில் கயிறு இருந்ததைக்கூட யாரும் கேட்கவில்லை.

அவன் மனைவி இளவரசி மட்டும் பதினாறாம் நாள் ஒரு கேள்வி கேட்டாள். "அவுரு சத்தம் போடலியா சார்?"

"போடலம்மா. சத்தமே போடல" என்றேன். அந்தப் பெண்ணிடம் நான் பொய் சொல்லவில்லை. இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

படம் பரிசு வாங்கியது. சிதம்பரத்தில் மண்டபம் எடுத்துக் கண்காட்சி வைத்தார்கள். ஆறடிக்கு நாலடி அச்சு. வாயில் கெளுத்தி மீனோடு தாய், அண்ணாந்து பார்க்கும் இரண்டு குட்டி. மீசை மயிரில் நிற்கும் நீர்த்துளிகளை ஒன்று இரண்டு என்று எண்ணலாம். அடியில் என் பெயர், அதற்குக் கீழே 'படகு: பழனிவேல்'. இளவரசியை மேடைக்கு அழைத்துச் சால்வை போட்டார்கள். கலெக்டர் ஆபீஸிலிருந்து வந்தார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையில் வந்தார்கள். எல்லோரும் அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். நீங்களும் எடுத்தீர்கள் மேடம், உங்கள் மகளோடு. நான்தான் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னேன்.

கெடுத்தது நாசர். கெடுத்தான் என்று சொல்லக் கூடாது, அவன் சுபாவம் அது. புத்தகமாகப் போடலாம் என்று அன்றைக்கு எடுத்த அறுநூற்று நாற்பது படத்தையும் அவனுக்கு அனுப்பியது என் தப்பு. நல்லதைப் பொறுக்கி அனுப்பியிருக்க வேண்டும். படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்ப்பது அவனுக்கு வியாதி. பரங்கிப்பேட்டைக்கு லீவில் வந்தவன் நேரே என் ஸ்டூடியோவுக்கு வந்தான். டீ வாங்கி வைத்தேன், குடிக்கவில்லை. லேப்டாப்பைத் திறந்தான்.

"மச்சான், நீ திட்டுல எறங்கி நின்னு எடுத்தேன்னு சொன்ன. தரை ஆடாதுடா. இதுல ஆறு நாப்பத்தொண்ணுலேர்ந்து ஆடுது பாரு. மூணு ஆடுது, நிக்குது, மூணு ஆடுது. யாருடா தட்டுறாங்க?"

அவனுக்குத் தட்டும் முறை தெரியாது, ஆனால் கணக்குப் பார்க்கத் தெரியும். அடுத்ததையும் அவனே காட்டினான். ஆறு ஐம்பத்திரண்டுக்கு நான் ஷட்டர் வேகத்தை ஏற்றியிருக்கிறேன். நொடியில் முந்நூற்றிருபதில் ஒரு பங்கிலிருந்து ஆயிரத்து அறுநூறில் ஒரு பங்குக்கு. எந்த நிமிடத்தில் எந்த வேகம் என்று கேமரா ஒவ்வொரு படத்தோடும் எழுதி வைத்துவிடுகிறது. ஷட்டர் திறந்து மூடும் நேரம் குறைந்தால் சின்ன அசைவு படத்தில் விழாது. ஆனால் வெளிச்சம் போதாமல் படம் முழுக்க மணல் தூவியது போலப் புள்ளி விழும். அந்த மங்கலான காலையில் அதைச் செய்ய எனக்கு எவ்வளவு மனக்கஷ்டம் என்று நாசருக்குத் தெரியும். காரணம் இல்லாமல் நான் செய்யமாட்டேன் என்றும் தெரியும். அவன் கேட்டது அதைத்தான். எதுக்குடா ஏத்துன?

அவன் இதை உங்களிடம் கொண்டுவந்ததில் எனக்கு வருத்தமில்லை. அவன் அல்லாவுக்குப் பயந்தவன். நான் வேறொன்றுக்குக் கட்டுப்பட்டவன்.

ஏன் ஏற்றினேன் என்று எழுதிவிடுகிறேன். தட்டல் படத்தைக் கெடுத்தது. குட்டி தாயின் மூக்கோடு மூக்கு வைத்த படம் ஒன்று, அற்புதமான படம், அதில் எல்லாக் கோடும் இரண்டிரண்டாக விழுந்திருந்தது. எரிச்சலோடு திரும்பிப் பார்த்தேன். ஆமாம், பார்த்தேன். பார்க்கவில்லை என்று முன்பு சொன்னதை அடித்துவிடுங்கள். தண்ணீர் அவன் தாடையைத் தாண்டியிருந்தது. முகத்தை வானத்தைப் பார்க்கத் தூக்கி வைத்திருந்தான். ஒரு கை படகின் விளிம்பைப் பிடித்திருந்தது, இன்னொரு கை தட்டிக்கொண்டிருந்தது. கண்ணை மட்டும் திருப்பி என்னைப் பார்த்தான். துடுப்பு என் காலடியில்தான் கிடந்தது.

அவன் அப்போதும் கத்தியிருக்கலாம். கத்தியிருந்தால் நீர்நாய் ஓடியிருக்கும், எனக்கும் வேலை முடிந்திருக்கும், துடுப்பை நீட்டியிருப்பேன். அவன் கத்தவில்லை. வாயைத் திறந்தால் தண்ணீர் போகும் என்பதால் கத்தவில்லை என்று நீங்கள் சொல்கிறீர்கள். நீங்கள் அவனோடு மூன்று வருடம் படகில் போகவில்லை. மௌனம் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். திரும்பி உட்கார்ந்து, வேகத்தை ஏற்றிக்கொண்டேன்.

ஏழு மணி ஒன்றுக்குத் தட்டல் நின்றது. புள்ளி விழாமல் இருக்கட்டும் என்று வேகத்தைப் பழையபடி இறக்கினேன். அதையும் கேமரா எழுதி வைத்திருக்கிறது. நாசர் அந்த இடத்துக்கு வந்ததும் லேப்டாப்பை மூடிவிட்டு எழுந்து வெளியே போய்விட்டான். நீங்கள் திறந்து பாருங்கள். பரிசு வாங்கிய படம் ஏழு நாலுக்கு எடுத்தது. கயிறு அவன் இடுப்பில் இருந்தது, கால் சேற்றில் இருந்தது, படகு ஒரு நூலளவும் அசையவில்லை.

கொன்றேன் என்று எழுதச் சொன்னீர்கள். எழுதிவிட்டேன், கீழே கையெழுத்தும் போடுகிறேன். மண்டபத்திலிருந்து படத்தை மட்டும் இறக்க வேண்டாம். ஏழு நாலுக்கும் பழனிவேல் எனக்காகப் படகைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தான், விருப்பமில்லாதவன் அப்படிப் பிடிக்கமாட்டான்.