கனமான பவர் பேங்க்

சிவகாசியிலிருந்து விருதுநகர் போகும் பஸ். எனக்கு முன் சீட்டில், பட்டாசுக் கம்பெனி வேலை முடிந்து வந்த இரண்டு பெண்கள். விரலிடுக்கில் இன்னும் வெள்ளி மருந்து மினுங்கியது.

“எங்க வீட்டு பவர் பேங்க் பூரி மாதிரி உப்பிருச்சுக்கா. ஆனா சார்ஜ் நல்லா ஏறுது” என்றாள் இளையவள்.

“பாத்து வாங்கலையா?”

“கையில எடுத்தா நல்ல கனம். உசத்தி சாமான்னு நெனச்சேன்.”

“கனத்துக்கு உள்ள மண்ணக்கூட அடைச்சிருப்பான். எங்கன வச்சு சார்ஜ் போடுத?”

“படுக்குற ரூமுலதான். கட்டிலுக்கடியில.”

ஆமத்தூர் தாண்டியதும் மூத்தவள் இளையவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். நான் ஜன்னலைப் பார்த்தபடி காதை மட்டும் அங்கே வைத்திருந்தேன்.

“மருந்து ரூமுல நம்மள எத்தன பேர விடுவாக?”

“நாலு பேரு. வெடிச்சா சேதம் கம்மியா இருக்கணும்னு.”

“உங்க வீட்டு ரூமுல?”

இளையவள் விரல்விட்டு எண்ணினாள்.

“கைப்பிள்ளையோட அஞ்சுக்கா.”