அந்தக் கூடைச் சோறு நம்முடையது

இந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதுவதற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். மணி ஒன்றைத் தாண்டிவிட்டது. மகளுக்கு மூன்றாம் நாளாகக் காய்ச்சல். இப்போதுதான் மார்பை விட்டுக் கண்ணயர்ந்திருக்கிறாள். அவளை விட்டுவிட்டு நாளை மாலை ஊர்க் கூட்டத்துக்கு என்னால் வர இயலாது. வராவிட்டாலும் பேசாமல் இருக்க இயலாது. ஆகவே பேச வேண்டியதையெல்லாம் எழுதி மகளிர் சங்கத் தலைவி பிம்மசோன் அக்காவிடம் கொடுத்தனுப்புகிறேன். மேடையில் ஒலிக்கும் குரல் அவருடையது; கோபம் என்னுடையது. யாருக்காவது கல்லெறியத் தோன்றினால் அக்காவை விட்டுவிடுங்கள். என் வீடு எதுவென்று எல்லோருக்கும் தெரியும். இனி நானே உங்கள் முன் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

அவைக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் ஊர்த்தலைவர் பூன்தாவி ஐயா அவர்களே, முன்வரிசையை அலங்கரிக்கும் பெரியோர்களே, சேவல் கூவுமுன் எழுந்து, அடுப்பு மூட்டி, ஒட்டரிசி அவித்து, வெறுங்காலோடு வீதியோரம் மண்டியிட்டு, பெற்ற பிள்ளைக்கு முன்பாகப் பிக்குவின் பாத்திரத்துக்குப் படைக்கும் தாய்மார்களே, விடுதி நடத்துவோரே, வண்டி ஓட்டுவோரே, படகு தள்ளுவோரே, சீனத்து ரயில் வந்து நின்ற நாள் முதல் ஒரே வாயால் சிரிக்கவும் சபிக்கவும் கற்றுக்கொண்ட என் லுவாங் பிரபாங் மக்களே, உங்கள் அனைவருக்கும் மலைத்தோங்கின் வணக்கம்.

இன்று நீங்கள் கூடியிருப்பது எதற்கு? ஒரு பலகைக்கு. பிக்குகள் விடியலில் பிச்சையேற்று நடந்துவரும் நம் தெருமுனையில் ஒரு பலகை வைக்க வேண்டுமாம். ‘சீனப் பயணிகள் இங்கே படையல் இட வரக்கூடாது’ என்று அதில் எழுத வேண்டுமாம். எழுதுவது யார்? ஊரில் சீன எழுத்து அறிந்தவள் ஒருத்தி. குன்மிங் நகரில் நான்காண்டு கல்லூரியில் படித்தவள். ஊர்ப் பணத்தில் பலகையும் வாங்கி, சிவப்புச் சாயமும் தூரிகையும் என் வாசலில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். நல்லது. சாயம் நல்ல சாயம்தான். எழுத மாட்டேன்.

முணுமுணுக்காதீர்கள். கடைசிவரை கேட்டுவிட்டு முணுமுணுங்கள்.

கோபம் உங்களுக்கு மட்டுமா? எனக்கு இல்லையா? பிக்குவின் முகத்துக்கு ஒரு முழம் தள்ளிப் படக்கருவியை நீட்டுகிறவனைக் கண்டால் என் வயிறு எரியாதா? எரிகிறது. ஆனால் அப்படி நீட்டியவர்களில் சீனர் இருந்தார்கள், வெள்ளையர் இருந்தார்கள், தலைநகர் வியஞ்சானிலிருந்து விடுமுறைக்கு வந்த நம் பிள்ளைகளும் இருந்தார்கள். எல்லை தாண்டினால் எவனுக்கும் கொஞ்சம் புத்தி கழன்றுதான் போகிறது. போன ஆண்டு நீர்த்திருவிழாவுக்கு இதே குடியிருப்பிலிருந்து இரண்டு பேருந்து நிறைய எல்லைக்கு அப்பால் சீனத்து ஜிங்ஹோங் போனோமே, விடுதி அறையில் வைத்திருந்த காகிதச் செருப்பில் பதினான்கு ஜோடியைப் பையில் திணித்துக்கொண்டு வந்தது யார்? பூன்தாவி ஐயா, நான் பெயர் சொல்லவில்லை. உங்கள் காலைப் பார்க்கவும் சொல்லவில்லை. அதற்காக அந்த ஊர்க்காரர்கள் நமக்குப் பலகை வைத்தார்களா?

சரி, சிரித்தது போதும். இனி சிரிக்க ஏதுமில்லை.

ஒன்பது நாளைக்கு முன் குன்மிங் ரயிலில் இருபத்தாறு பேர் வந்தார்கள். அழைத்துவந்தவள் நான். அவர்களில் ஒருவர் சீனத்துத் தாலி நகரைச் சேர்ந்த துவான் அம்மா. அறுபத்தேழு வயது. கணவர் முப்பதாண்டுக் காலம் பேருந்து ஓட்டியவர். வாழ்நாள் முழுக்க ஊராரை ஊருக்கு ஊர் கொண்டுபோய்ச் சேர்த்தவர் தன் நாட்டு எல்லையை ஒருமுறைகூடத் தாண்டியதில்லை. ஓய்வு பெற்றதும் இருவருக்கும் பயணச்சீட்டு எடுத்திருக்கிறார். புறப்பட இரண்டு மாதம் இருக்கையில் நெஞ்சுவலி. போய்விட்டார். அந்த அம்மா சீட்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை, தனியே வந்தார்.

முதல்நாள் மாலையே விடுதியில் என் அறைக்கதவைத் தட்டினார்.

“பொண்ணே, அவருக்குப் பிடிச்ச அரிசிப் பலகாரம் எங்க ஊர்லேருந்து கொண்டாந்திருக்கேன். சாமியாருங்களுக்கு இத வைக்கலாமா?”

“வெளிய சமைச்சத வைக்கக் கூடாதும்மா. எங்க ஊர்ச் சோறுதான் வைக்கணும். காலையில வாசல்லயே விப்பாங்க, நான் வாங்கித் தர்றேன்.”

“அப்ப ரெண்டு கூடை வாங்கு. அவருக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. அவரு எப்பவும் என்னை விடக் கொஞ்சம் கூடத்தான் சாப்பிடுவாரு, பெரிய கூடையா பாத்து வாங்கு.”

வாங்கினேன். யாரிடம்? நம் கேசனி அக்காவிடம். இருபத்தாறு பேருக்கும் இருபத்தேழு கூடை. ஒவ்வொரு கூடைக்கும் எனக்கு ஒரு பங்கு உண்டு. ஆம், உண்டு. மேடையில் அடுத்தவர் குற்றத்தை மட்டும் பேசிவிட்டு இறங்குகிறவள் அல்ல நான்.

துவான் அம்மா தோள்துண்டைச் சரியாகப் போட்டார். காலணியைக் கழற்றினார். முழங்கால் வலியோடு மண்டியிட்டார். படம் எடுக்கவில்லை, பேசவில்லை, தலை நிமிரவில்லை. நம்மில் எத்தனை பேர் அப்படி மண்டியிடுகிறோம் என்பதை அவரவர் முழங்காலைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அன்று பிற்பகல் நான்கு பிக்குகள் வாந்தியெடுத்து விழுந்தார்கள். மருத்துவமனைக்குத் தூக்கிப் போனோம். அந்தி சாயுமுன் ஊர் ஒலிபெருக்கி முழங்கியது: ‘அயல்நாட்டுப் பயணி ஒருவர் கொண்டுவந்த உணவால் பிக்குகளுக்கு நோய்.’ யார் பார்த்தது? யார் சோதித்தது? துவான் அம்மாவின் கையில் ஒரு பலகாரப் பை இருந்ததைக் கேசனி அக்கா பார்த்தாராம். அவ்வளவுதான் சாட்சி. அந்தப் பை முடிச்சு அவிழாமலே திரும்பி வந்து அறையில் கிடந்தது. அதைப் போய்ப் பார்க்க ஊரில் ஒருவருக்கும் கால் இல்லை.

மறுநாள் இதே மேடைக்கு முன்னால் அந்த அம்மாவை நிறுத்தினீர்கள். பூன்தாவி ஐயா கேட்டார், நான் மொழிபெயர்த்தேன்.

“என்ன சொல்றாங்க அந்தம்மா?”

அந்த அம்மா சொன்னது இது: “நான் கொண்டாந்தத வைக்கலையே. இங்க வாங்கினதத்தான வச்சேன். இந்தப் பொண்ணுக்குத் தெரியும், கேட்டுப் பாருங்க.”

நான் உங்களுக்குச் சொன்னது என்ன? நினைவிருக்கிறதா? “தெரியாம நடந்துபோச்சு, மன்னிச்சிருங்கன்னு சொல்றாங்க ஐயா.”

கேட்டுக்கொண்டீர்களா? என் பெயரைச் சொல்லி என்னைச் சாட்சிக்கு அழைத்தவரின் வாயை நானே பொத்தினேன். ஏன்? வழிகாட்டி உரிமம் போய்விடுமே என்ற பயம். பங்கு வாங்கியது வெளிப்படுமே என்ற பயம். இடுப்பில் குழந்தை இருந்தது, பயத்துக்கு அதையே காரணமாக்கிக்கொண்டேன். நான்காண்டு படித்த மொழியை நான் பயன்படுத்திய விதம் அது. தண்டம் விதித்தீர்கள். என்ன நடக்கிறதென்று புரியாமலே அவர் கட்டினார், தாளில் கையொப்பமிட்டார், பிக்குகள் படுத்திருக்கும் திசை எதுவென்று என்னிடம் கேட்டு, அந்தத் திசை நோக்கிக் குனிந்து வணங்கினார். நீங்கள் அதைக் குற்ற ஒப்புதல் என்றீர்கள்.

அன்று முதல் எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்று நாள் கழித்து விடியலில் கேசனி அக்கா வீட்டுக் கொல்லைப்புறம் போனேன். என்ன கண்டேன் தெரியுமா?

உங்களுக்குத் தெரியும். அதுதான் என் கோபம். உங்கள் எல்லோருக்கும் தெரியும்.

பயணிகள் பெருகியதும் பிக்குகளின் பாத்திரம் பத்தடிக்குள் நிரம்பிவிடுகிறது. மிஞ்சியதை ஓரத்தில் வைத்த கூடைகளில் போட்டுவிட்டு நடக்கிறார்கள். ஏழைகளுக்கென்று விட்ட சோறு அது. அதை யார் அள்ளுகிறார்கள்? அள்ளியது எங்கே போகிறது? கேசனி அக்காவின் கொல்லையில் நேற்றுச் சோறும் முந்தாநாள் சோறும் ஒன்றாகப் பிசைந்து, ஆவியில் ஏற்றி, சூடாக்கி, புதுக்கூடையில் புதுச்சோறாகக் கிளம்பிக்கொண்டிருந்தது. புத்தனுக்குப் படைத்த சோறு மறுநாள் மறுபடி புத்தனுக்கு. ஒரு பிடிச் சோறு, மூன்று பேருந்துக்குப் புண்ணியம். மழைக்கால வெக்கையில் மூன்றாம் நாள் சோறு பிக்குவின் வயிற்றில் என்ன செய்யும் என்பதற்கு மருத்துவர் வேண்டுமா?

“ஏன்க்கா இப்படிப் பண்றீங்க?” என்றேன்.

“ஐயையோ, நீதிபதி அம்மா வந்துட்டாங்க, பாய் எடுத்துப் போடுங்கடி,” என்றார் அக்கா. “பங்கு வாங்கையில உன் மூக்கு அடைச்சிருந்துச்சா? அப்ப வராத புளிச்ச வாசனை இப்ப எங்கேருந்துடி வருது?”

“நாலு பேரு செத்திருந்தா?”

“சாகலயில்ல? இந்தத் தெருவுல நான் மட்டுமா அவிக்கிறேன்? எட்டு வீடு. போய் எட்டு அடுப்பையும் அணை, என்னுதையும் அணைக்கிறேன். அது மட்டுமில்ல மலைத்தோங், அவங்க சீனாக்காரங்க. வருவாங்க, போட்டோ எடுப்பாங்க, போவாங்க. பழசா புதுசான்னு அவங்களுக்கு என்ன தெரியும்?”

அவங்களுக்கு என்ன தெரியும். கேட்டீர்களா அந்தத் தத்துவத்தை? பெற்றோரே, பெரியோரே, இதுதானே இன்று நம் வணிகம்? அவன் வாங்குகிற பட்டில் கலப்பு, அவனுக்குச் சொல்கிற விலையில் கலப்பு, இப்போது அவன் மண்டியிட்டுப் படைக்கிற சோற்றிலும் கலப்பு. ஏமாற்றுவது நாம். ஏமாந்தவனுக்குத் தண்டம். ஏமாந்தவன் மேல் பலகை. அந்தக் கூடையை விற்ற கை யாருடையது? நம்முடையது. அந்தச் சோற்றைத் திரும்ப அவித்த அடுப்பு யாருடையது? நம்முடையது. அந்தப் பொய்யை மொழிபெயர்த்த நாக்கு யாருடையது? என்னுடையது. பாவத்தின் முகவரி மட்டும் தாலி நகரமா?

பின்வரிசையில் யாரோ, “அப்ப எட்டு வீடும் பட்டினி கிடக்கணுமா?” என்று கேட்பது எனக்கு இங்கேயே கேட்கிறது. கிடக்க வேண்டாம். தினமும் புதிதாய் அவித்து விற்றால் விற்காதா? கூடைக்குச் சற்று விலை கூடட்டும்; என் பங்கை இன்றோடு விட்டேன், அதைக் கழித்துக்கொள்ளுங்கள். பாத்திரம் கொள்ளுமளவு மட்டும் விற்போம். ஆளுக்கொரு கூடை வேண்டாம், குழுவுக்கு நான்கு கூடை போதும் என்று நான் வாயைத் திறந்து சொல்கிறேன். புண்ணியத்துக்கு எடை கிடையாது என்பது அவர்களுக்கும் புரியும். புரியாதவர்கள் நாம்தான்.

இனி நான் சொல்லப்போவது உங்களில் பலருக்குத் தெரியாது.

துவான் அம்மா ஊருக்குப் போகவில்லை.

குழு போய்விட்டது. அவர் போகவில்லை. மூன்று பிக்குகள் தேறி வந்துவிட்டார்கள். நான்காமவர் இன்னும் படுக்கையில் இருக்கிறார். அவர் எழுந்து ஒரு வாய் சாப்பிடும்வரை போக மாட்டேன் என்று அந்த அம்மா மருத்துவமனைத் தாழ்வாரத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். நேற்று முன்தினம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன். குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தவர் முதலில் அவளைப் பற்றித்தான் கவலைப்பட்டார். பிறகு கேட்டார்:

“பொண்ணே, நான் கூடையை வைக்கையில ஏதாவது தப்பாப் பண்ணிட்டேனா? கை கழுவிட்டுத்தான் தொட்டேன். அவருக்காக வச்சதாச்சே, அதான் கேக்குறேன்.”

அவர் இடத்தில் நான் இருந்து, என் வீட்டுக்காரர் செத்த துக்கத்தோடு ஒரு நாட்டுக்குப் போய், என் கைச்சோற்றால் ஒரு துறவி சாகக் கிடக்கிறார் என்று நம்பிக்கொண்டு திரும்பி வந்தால், மிச்ச நாளை எப்படி வாழ்வேன்? தாய்மார்களே, உங்களைத்தான் கேட்கிறேன். நீங்கள் எப்படி வாழ்வீர்கள்?

நான் அங்கேயே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லத் தொடங்கினேன், குழந்தை அழுதாள், எழுந்து வந்துவிட்டேன். அதுவும் ஒரு சாக்குதான். ஆனால் ஒருத்தி தாழ்வாரத்தில் காதோடு சொல்லித் தீரக்கூடிய பழி அல்ல இது. ஊர் கூடி, ஒலிபெருக்கி வைத்துச் சுமத்திய பழி. ஊர் கூடித்தான் இறக்க வேண்டும்.

நாளைக் காலையோடு அவருக்கு இந்த நாட்டில் தங்கும் அனுமதி முடிகிறது. குன்மிங் ரயிலில் ஏறியாக வேண்டும். விருந்தாளியின் மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டி, ஒருவருக்குள் குடியிருப்பதாக நாம் நம்பும் முப்பத்திரண்டு உயிரும் உடலை விட்டுப் போகாதிருக்க வாழ்த்தி வழியனுப்பும் ஊர் இது. பகைவன் வந்தாலும் நூல் கட்டினோம் என்று மார்தட்டும் ஊர் இது. அந்த அம்மாவின் மணிக்கட்டு வெறுமையாக இருக்கிறது. பையில் தண்டம் கட்டிய ரசீது இருக்கிறது. வெறுங்கையும் ரசீதுமாகவா அனுப்பப்போகிறோம்? அனுப்பிவிட்டு, எந்த வாயால் விடியலில் மந்திரம் சொல்வோம்?

ஆகவே அவைத்தலைவர் அவர்களே, என் கோரிக்கையைத் தீர்மானமாகவே வைக்கிறேன். பலகை வேண்டாம். நாளைக் காலை இந்த ஊர் ரயில் நிலையத்துக்கு வர வேண்டும். வாங்கிய தண்டத்தைக் கையில் கொடுக்க வேண்டும். எட்டு வீட்டுக்காரர்களில் ஒருவராவது வர வேண்டும். கேசனி அக்கா வந்தால் நான் அவர் காலைத் தொடுவேன். நூல் கட்ட வேண்டும். ‘சோறு எங்களுடையது, தவறு எங்களுடையது’ என்று நம் மொழியில் ஊர்த்தலைவர் சொல்ல வேண்டும். அதைச் சீன மொழியில் நான் சொல்வேன். இந்த முறை ஒரு சொல்லும் மாறாது. உரிமம் போனால் போகட்டும்.

நீங்கள் வராவிட்டால்? காய்ச்சல் குழந்தையைத் துணியில் கட்டிக்கொண்டு நான் ஒருத்தி போவேன். உண்மை என் வாயிலிருந்து வரும். ஆனால் ஊரின் பெயரால் நான் பேச முடியாது. அந்த அம்மா தாலிக்குப் போய், “ஒரு பொண்ணு மட்டும் நல்லவ,” என்று சொல்வார். அந்தப் பெருமை எனக்கு வேண்டாம்.

இத்தனை நேரம் பொறுமையாகக் கேட்டவர்களுக்கும், பொறுமையின்றிக் கேட்டவர்களுக்கும், என் கோபத்துக்குக் குரல் தந்த பிம்மசோன் அக்காவுக்கும் நன்றி கூறி, கை கூப்பி அமைகிறேன்.

ரயில் காலை எட்டு மணிக்கு. எத்தனை பேர் வருகிறீர்கள் என்று கூட்டம் கலைந்ததும் அக்காவிடம் சொல்லியனுப்புங்கள். காத்திருக்கிறேன். சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.