பன்னிரண்டு சொல் மன்றாட்டு

எனக்கு ஞாபகசக்தி நல்லது. பள்ளிக்கூடத்தில் அதைத் தவிர வேறு பெருமை எனக்கு இருந்ததில்லை. கணக்கில் சுமார், ஓட்டத்தில் கடைசி. ஆனால் காதில் ஒருமுறை விழுந்தது அப்படியே தங்கிவிடும். விசாரணைக்காக நீங்கள் இந்த அறைக்குள் வந்ததும் கேட்ட முதல் கேள்வி இப்போதும் நினைவில் இருக்கிறது, ஐயா. "ஏன் செய்தாய்" என்று நீங்கள் கேட்கவில்லை. "ஏன் அந்த அம்மாளிடம்" என்று கேட்டீர்கள். அதற்குத்தான் எழுதித் தருகிறேன். நான் படிக்கப் போகும் மாலை வகுப்பில் கணக்குப்பதிவு கற்பிக்கும் ஆசிரியர், நடந்ததையும் காரணத்தையும் கலக்காதே என்பார். முயற்சி செய்கிறேன். எனக்கு அது சரியாக வருவதில்லை.

எங்கள் கடற்கரை ஊர் எல் காராகோலில், வடக்கே வெளிநாட்டு வேலைக்கு ஒருவரையாவது அனுப்பாத வீடு கிடையாது. அங்கிருந்து பணம் வந்தால் பேருந்து பிடித்து நகரத்துக்குப் போய் வரிசையில் நின்று வாங்க வேண்டும். அனுப்புகிற கூலி ஒரு வாய் தின்னும், பேருந்து ஒரு வாய் தின்னும். அலையில் சறுக்க வந்த ஒரு வெளிநாட்டுக்காரருக்கு எங்கள் கடற்கரை பிடித்துப்போனது. இந்த ஊர் சனங்கள் பிட்காயினில் மீனும் மாவும் வாங்கிப் பழக வேண்டும் என்று கொஞ்சம் நிதி வைத்துவிட்டு, சொல்லிக்கொடுக்க என்னை அமர்த்தினார். எனக்கு அது வேலையாகத் தெரியவில்லை. நல்ல காரியமாகத் தெரிந்தது. இன்றும் அப்படித்தான் தெரிகிறது.

கோயிலுக்குப் பின்னால் பாதாம் மரத்தடியில் வகுப்பு. முதல் நாளே தோன் சாந்தோஸ், மீன் விற்பவர், பின்வரிசையிலிருந்து குரல் கொடுத்தார்.

"ஏன் டீச்சர், இந்தக் காசைச் சட்டியில போட்டா பொரியுமா?"

"உன் மீனே பாதி நாள் சட்டிக்குப் போறதுக்கு முன்னாடி நாறுது. காசு பொரியலேன்னா என்ன கெட்டுப்போச்சு?" என்றார் நின்யா ஃபிதே.

ஃபிதேலினா என்பது முழுப்பெயர். எங்கள் பக்கம் எவ்வளவு வயதானவரையும் மரியாதைக்கு நின்யா என்றுதான் கூப்பிடுவோம். சாலையோரம் கல்லில் புப்பூசா என்ற மக்காச்சோள அடை சுட்டு விற்பார். ஊரில் யார் இறந்தாலும் ஒன்பது நாள் செபத்தை முன்னின்று சொல்வதும் அவர்தான். எழுதப் படிக்கத் தெரியாது. மன்றாட்டில் அவர் ஒவ்வொரு புனிதராக அழைக்க, நாங்கள் பதில் சொல்வோம்; அத்தனை பெயரும் வரிசை பிசகாமல் வரும்.

கைபேசியில் இந்தக் காசை வைக்கும் பைக்கு வாலட் என்று பெயர்; அதைத் தொடங்கும்போது அது பன்னிரண்டு சொற்கள் தரும். எல்லாம் வீட்டில் புழங்கும் சொற்கள்தான். கைபேசி கடலில் விழுந்தாலும் அந்தப் பன்னிரண்டையும் வரிசையாக இன்னொரு கைபேசியில் இட்டால் பணம் திரும்ப வந்துவிடும். யார் இட்டாலும் வரும். அதனால் எவரிடமும் சொல்லக் கூடாது. இதை நான் தெளிவாகவே கற்பித்தேன்.

எழுதி வைக்கச் சொன்னேன். மழைக்காலத்தில் எங்கள் வீடுகளில் காகிதம் தங்காது. உப்புக்காற்றில் ஊறிப்போகும், மிச்சத்தைக் கரப்பான் தின்னும். எல்லோரும் விழித்தபோது, நான் படித்துக் காட்டிய தன் சொற்களை வைத்து நின்யா ஃபிதே ஒரு வழி சொன்னார்.

"மன்றாட்டு மாதிரி சொல்லிப் பார்த்தா என்ன? நான் ஒவ்வொண்ணா சொல்றேன், நீ பதில் சொல்லு. தேனீயே!"

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றேன், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"பாலமே!"

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

"வெங்காயமே!"

"வெங்காயத்துக்கிட்ட வேண்டிக்கிட்டா கண்ணீர்தான் வரும்" என்றார் தோன் சாந்தோஸ். மரத்தடியே சிரித்தது.

ஆனால் அந்த வழி பலித்தது. மற்றவர்களும் ஒவ்வொருவராக என் வீட்டுக்கு வந்து தங்கள் சொற்களைச் சொல்லிப் பழகினார்கள். மன்றாட்டு என்றால் பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டுமே. யாரிடமும் சொல்லக் கூடாது என்று நான்தானே சொன்னேன் என்று தடுத்துப் பார்த்தேன். "நீ யாரோவா?" என்று கேட்டார்கள். நான் கேட்டேன், பதில் சொன்னேன். மனப்பாடம் செய்ய நான் முயலவில்லை, ஐயா. என் சுபாவம் அப்படி.

நன்றாகத்தான் போனது. நின்யா ஃபிதேயின் மகன் வில்பர் ஹூஸ்டனில் வீடுகளுக்குக் கூரை போடுகிறவன். அவன் முதன்முதலாக அனுப்பிய அன்று நான் கல்லுக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். கைபேசி கூவியதும் அவர் மாவுக் கையோடு அதைத் தூக்கிப் பிடித்தார்.

"வந்துருச்சா? அதுக்குள்ளயா? இந்தப் பக்கம் இன்னும் வேகவே இல்லையேம்மா!"

அந்த முகத்தை நீங்கள் பார்த்திருந்தால் இந்தத் தொழில்நுட்பம் எதற்கு என்று கேட்டிருக்க மாட்டீர்கள்.

பிறகு விலை இறங்கியது. தோன் சாந்தோஸ் என் வாசலில் வந்து நின்றார்.

"காலைல பத்து டாலர் மீன் கொடுத்தேன். சாயங்காலம் பார்த்தா எட்டுங்குது. ரெண்டு டாலரை எந்த மீன் முழுங்குச்சு, டீச்சர்?"

அவருக்கு ஏற்றம் இறக்கம் எல்லாம் விளக்கியிருக்கலாம். சாதாரண மனிதருக்குப் பயன்பட வேண்டுமென்றால் காசு காசாக இருக்க வேண்டும்; காலையில் ஒன்று, மாலையில் ஒன்றாக இருந்தால் அது சூதாட்டம். அந்த இரண்டு டாலரை நானே கொடுத்தேன். அடுத்து மாவு மில்காரர் வந்தார், அப்புறம் ரொட்டிக்கடை. என் சம்பளம் தீர்ந்தது. வெளிநாட்டுக்காரரின் நிதியும் தீர்ந்தது; அவர் கடிதங்களுக்குப் பதில் போடுவதை நிறுத்தினார். கடைக்காரர்கள் கைவிட்டால் ஊரே மறுபடி பேருந்து வரிசைக்குப் போய்விடும்.

நின்யா ஃபிதேயின் வாலட்டில் பணம் சும்மா கிடந்தது. ஊருக்கு வந்து அம்மாவுக்குக் கான்கிரீட் கூரை போடும்வரை தொட வேண்டாம் என்று வில்பர் சொல்லியிருந்தான். தேனீ, பாலம், வெங்காயம் என்று என் கைபேசியில் இட்டேன். விலை ஏறியதும் திருப்பி வைத்துவிடலாம் என்று கொஞ்சம் நகர்த்தி, கடைக்காரர்களின் நட்டத்தை ஈடுகட்டினேன். மறுபடி கொஞ்சம். ஒரு செண்டுகூட எனக்காக எடுக்கவில்லை. மழை ஓய்வதற்குள் அது காலியாகிவிட்டது.

வாரம் ஒருமுறை அவர் கைபேசியை நீட்டுவார். "எவ்வளவு இருக்கு, படிச்சுச் சொல்லு மகளே." நான் பழைய தொகையைச் சொல்வேன். வில்பர் புதிதாக அனுப்பியதும் அதே வழியில்தான் போனது; அதையும் கூட்டிச் சொல்வேன். ஒருமுறைகூடப் பிசகியதில்லை.

ஏன் அந்த அம்மாளிடம் என்று கேட்டீர்கள். எல்லோருடைய சொற்களும் எனக்குத் தெரியும். அவர் ஒருவர்தான் என்னைத் தவிர வேறு யாரிடமும் படித்துக் காட்டச் சொல்ல மாட்டார். அதுதான் பதில். எழுதிப் பார்க்கும்போது நன்றாக இல்லை.

வில்பர் ஒரு கூரையிலிருந்து விழுந்து இறந்தான்.

உடலை இங்கே அனுப்பப் பணம் முன்கூட்டியே கட்ட வேண்டும் என்றார்கள். குறித்த நாளுக்குள் யாரும் கேட்டு வராத உடலை அங்கே அரசாங்கமே எரித்துவிடுமாம். நின்யா ஃபிதே கல்லை அணைக்காமல் ஓடிவந்தார்.

"அந்தக் காசை எடுத்துக் கொடு மகளே. கூரை வேண்டாம். அவன் வந்தாப் போதும்."

தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று அவர் கைபேசியோடு உள்ளே போனேன். காலி என்று தெரிந்துவிடக் கூடாதே என்று சமையலறையில் அந்த வாலட்டை அழித்தேன். திரும்பி வந்து, கைபேசி மறுபடி சொற்களைக் கேட்கிறது என்றேன். அவர் மண்டியிட்டார். மண்டியிட்டால்தான் அவருக்கு வரிசை வரும். சொல்லச் சொல்ல நான் இட்டேன். ஏழாவது சொல் கிணறு. அதில் ஓர் எழுத்தை மாற்றினேன்.

"தப்புன்னு சொல்லுது, நின்யா ஃபிதே."

"தப்பா? திரும்பச் சொல்றேன் இரு."

திரும்பச் சொன்னார். மறுநாளும் வந்தார், அதற்கடுத்த நாளும். அவர் ஒருமுறைகூடத் தப்பாகச் சொல்லவில்லை. நான் ஒருமுறைகூடச் சரியாக இடவில்லை.

ஒவ்வொரு காலையும் சொல்லிவிடலாம் என்றுதான் எழுந்தேன். சொன்னால் பணம் வருமா? வராது. வகுப்பு அழியும், இனி எங்கள் சனங்கள் இந்தப் பக்கமே திரும்ப மாட்டார்கள். வகுப்புக்கு வந்த நாற்பது வீடுகளை நினைத்தேன். அவற்றில் ஒரு வீட்டை நினைக்காமல் இருக்கப் பழகினேன். ஊரில் தொப்பியை ஏந்திச் சுற்றினார்கள். தோன் சாந்தோஸ் ஒரு நாள் மீன் விற்ற காசு முழுவதையும் போட்டார். பிட்காயினாக அல்ல, தாளாக. போதவில்லை. நாள் கடந்தது. ஹூஸ்டனில் எரித்துவிட்டார்கள்.

"என் நாக்குதான் அவனை எரிச்சுது" என்றார் நின்யா ஃபிதே. அழவில்லை. தண்ணீர் கொடுத்தேன், குடித்தார்.

வில்பரின் அறைத்தோழன் அவன் அனுப்பிய பணத்தின் தடத்தை அங்கிருந்தபடியே பார்த்திருக்கிறான். எந்தக் கைக்குப் போனது என்பது யார் தேடினாலும் தெரியும். இதில் எதுவும் மறையாது, அதுதான் இதன் நேர்மை என்று மரத்தடியில் முதல் நாளே கற்பித்தவள் நான். ஆகவே நீங்கள் காட்டியதை மறுக்கவில்லை. நான்தான் எடுத்தேன். நான்தான் அழித்தேன். அந்த எழுத்தை மாற்றியதும் நான்தான்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அது நீங்கள் காட்டியதில் இல்லை.

ஒன்பதாம் நாள் செபம். பெட்டி இல்லை, சாம்பலும் இன்னும் வரவில்லை. கூரைமேல் நின்று சிரிக்கும் வில்பரின் படம் மட்டும் பூக்களுக்கு நடுவே இருந்தது. சொந்த வீட்டுச் சாவுக்கு வேறு ஒருவர்தான் முன்னின்று சொல்வது வழக்கம். நின்யா ஃபிதே அதைக் கேட்கவில்லை, தானே முன்னின்று சொன்னார். மன்றாட்டு ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. விடியற்கால நட்சத்திரமே என்றார். வேண்டிக்கொள்ளும் என்றோம். அடுத்து, குரல் மாறாமல், தேனீயே என்றார்.

சிலர் நிமிர்ந்து பார்த்தார்கள். பிறகு தோன் சாந்தோஸ் தலையைக் குனிந்துகொண்டு, "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றார். எல்லோரும் சேர்ந்துகொண்டோம். பாலமே. வெங்காயமே. யாரும் சிரிக்கவில்லை. கிணறே என்று அவர் சொன்னபோது நான் முதல் வரிசையில் இருந்தேன். என் பதிலும் மற்றவர்களோடு சேர்ந்தே வந்தது. பன்னிரண்டும் முடிந்தன. ஒன்றுகூடத் தடம் மாறவில்லை.

காப்பியும் வாழையிலையில் அவித்த தமாலும் கொடுக்கும்போது ஒரு கோப்பையோடு என்னிடம் வந்து குனிந்தார்.

"இனிமே காசுக்காகக் கேக்கல மகளே. என் நாக்கு அவனுக்குத் துரோகம் பண்ணிச்சா இல்லையான்னு மட்டும் தெரியணும். இன்னிக்குச் சரியா வந்துச்சா?"

ஏழாவதில் மட்டும் கொஞ்சம் பிசகிவிட்டது என்றேன். அவர் மனம் நோகக் கூடாதே என்று, கையைப் பிடித்துக்கொண்டு, மெதுவாகத்தான் சொன்னேன்.