பாலிஷ் போடாத மேசை

பாலிஷ் போடாத ஓக் மரத்தில் தண்ணீர்க் கறை விழுந்தால் பதற வேண்டியதில்லை, சார். பொறுமை இருந்தால் போய்விடும். மேனாம்பேட்டில் யாரைக் கேட்டாலும் இந்த இருதயராஜ் பொறுமைசாலி என்றுதான் சொல்வார்கள்.

ஓய்வு பெற்றபின், இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் வெளிநாட்டு மெஷின் வந்திறங்கிய பெட்டியின் ஓக் பலகைகளை வாங்கி, பதினொரு மாதம் இழைத்து ஒரு மேசை செய்தேன். அது வாசற்கதவைவிட அரையடி அகலம் என்பதைச் செய்து முடித்த பிறகே கவனித்தேன். அதனால் வராந்தாவிலேயே கிடந்தது.

மாடியில் குடியிருந்த கஜபதி பால்கனிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவார். அது சொட்டி நேராக என் மேசையில் விழும். எங்கள் போர்வெல் தண்ணீரில் இரும்பு அதிகம். ஓக்கில் பட்டால் மை கொட்டியதுபோல் கறுத்துவிடும்.

சொல்லிப் பார்த்தேன். "இன்னா அண்ணாத்தே, மரம் தண்ணி குச்சித்தான வளந்துது? இப்ப மட்டும் இன்னா, சளி புடிச்சுக்குமா?" என்றார். நானும் சிரித்தேன். நல்ல நகைச்சுவை உணர்வு உள்ளவர்.

கறை எடுக்கும் ஆக்சாலிக் அமிலப் பொடியை வெந்நீரில் கரைத்துத் தடவினேன், கழுவினேன், வெயிலில் காயவைத்தேன். கறை போய்விட்டது. மறுவாரம் மறுபடி விழுந்தது. இப்படி ஆறு தடவை. கோபப்படவே இல்லை, எழுதிக்கொள்ளுங்கள்.

ஏழாவது தடவை ஞாயிற்றுக்கிழமை காலை. மேசையைக் கழுவி நிமிர்ந்தால், கஜபதி முற்றத்து நிலத்தடி சம்ப் தொட்டியைக் கழுவ ஏணி போட்டு உள்ளே இறங்கியிருந்தார். ஏணியை வெளியே எடுத்து வைத்தேன். ஈரத்தில் மூங்கில் பாழாகிவிடும். மூடியையும் மூடினேன். நல்ல வெயில் விழும் இடம் அது ஒன்றுதான். மேசையை இழுத்து அதன்மேல் கவிழ்த்துப் போட்டேன்.

"இன்னா அண்ணாத்தே, இருட்டாயிடுச்சு?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

மேகம் என்றேன்.

அப்போது தண்ணி லாரி வந்தது. "சம்ப்பு காலியா கீதா நைனா?" என்று டிரைவர் வெங்கட் கேட்டான். காலி என்றேன். சம்ப்புக்குள் போகும் பக்கக் குழாயில் ஹோஸைச் செருகினான். லாரி மோட்டார் சத்தத்தில் கஜபதி தட்டியது அவனுக்குக் கேட்கவில்லை. பலகைமேல் கை வைத்திருந்ததால் எனக்குத் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் தட்டுவது நின்றுவிட்டது.

ஆமாம் சார், நான்தான் செய்தேன். மேசையை நகர்த்த நேரம் இருந்ததே என்கிறீர்கள். இருந்தது. ஆனால் ஈர ஓக்கை அவசரப்பட்டு இழுத்தால் கோணிக்கொள்ளும்.