மிதந்து வந்த கற்களின் வழி தேடிய கலாநிதி மங்கையற்கரசி கோணாமலை அம்மையாருக்கு

ஆழம் அறிந்த அறிவுச் செல்வியே, அலைகளிடம் வழி கேட்டு நடந்த ஆய்வாளரே, எங்கள் கடலாய்வு நிலையத்தின் இருபத்தேழு ஆண்டுப் பெருமையே, வணக்கம்.

புளியந்தீவின் இச்சிறு மண்டபத்தில், வாவிக் காற்று வந்து வந்து தாள்களைப் புரட்டும் இம்மாலையில், உங்களுக்கு விடை கொடுக்கக் கூடியிருக்கிறோம். விடை கொடுக்க எங்களுக்கு மனமில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

கடலுக்கடியிலும் மலைகள் எரிகின்றன என்று எங்களுக்குக் காட்டியவர் நீங்கள். எவர் காதிலும் விழாமல் அங்கே பாறை உருகி வழிகிறது. குளிர்ந்த நீர் தொட்டதும் பொங்கி நுரைத்து, நுரைத்தபடியே கல்லாக உறைகிறது. உள்ளே ஆயிரம் காற்றறைகளைச் சுமந்த அக்கல் தன் பாரம் மறந்து மேலெழுந்து, சோழகக் காற்று தள்ளவும் வாடைக் காற்று திருப்பவும் மாதக்கணக்கில் மிதந்து செல்கிறது. நீங்கள் இதைச் சொல்லும்போது யுத்தத்தால் வெளியே வீதி அடைத்துக் கிடந்த நாட்களிலும் எங்கள் ஆய்வுகூடம் மெல்ல நகர்ந்து நடுக்கடலுக்குப் போய்விடும். வெடிச்சத்தம் கேட்டால் ஒரு கணம் நிறுத்துவீர்கள். பிறகு, விட்ட சொல்லிலிருந்தே தொடர்வீர்கள்.

1986 தை மாதம், உல்லாசப் பயணிகள் வராது வெறிச்சோடிய பாசிக்குடாக் கரையில் சாம்பல் நிறக் கற்கள் ஒதுங்கியிருப்பதாக மீனவர் சாமித்தம்பி வந்து சொன்னார். “கடல் துப்பின கல்லு மிஸ், தண்ணியில தாழுதில்ல” என்றார். மறுநாளே ஆய்வுகூட உதவியாளர் அப்துல் மஜீதை அழைத்துக்கொண்டு பஸ் ஏறினீர்கள். நானூற்றுப் பன்னிரண்டு நுரைக்கற்களைச் சாக்குகளில் கட்டி வந்து, ஒவ்வொன்றையும் கழுவி, எண்ணிட்டு அடுக்கினீர்கள். கிழக்கே எங்கோ ஒரு கடலடி மலை வெடித்திருக்கிறது, அதன் துண்டுகள் இவை என்று எழுதினீர்கள். அக்கட்டுரை வெளிநாட்டு அறிஞர்களிடையே உங்களுக்குப் பெயர் தந்தது.

அதை எழுதுமுன் மஜீத் ஒன்று சொல்லியிருந்தார். கற்களின்மேல் ஒட்டி வளர்ந்திருந்த சிப்பிகளை லென்ஸில் பார்த்து, சில கற்களில் அவை சுண்டுவிரல் நகமளவும் சில கற்களில் கடுகளவுமாக இருப்பதைக் கண்டு, “மிஸ், எல்லாம் ஒரே நாளில கடலுக்கு வந்த கல்லெண்டா இதுகளுக்கும் ஒரே வயசு இருக்கணுமே” என்று கேட்டார். சிப்பி ஒட்டும் காலம் கல்லுக்குக் கல் வேறுபடும் என்று நீங்கள் சுருக்கமாக மறுத்துவிட்டீர்கள்.

பிறகு 1990 வந்தது. தமிழர் ஊர்களும் முஸ்லிம் ஊர்களும் ஒன்றையொன்று அஞ்சின. நிலையம் பூட்டப்பட்டது. மஜீத் காத்தான்குடியில் தம் மைத்துனரை இழந்தார். கல்லடியில் உங்கள் அக்கா மகன் வீடு திரும்பவில்லை. இரண்டு ஊர்களுக்கும் இடையே ஒரு மணி நேர நடைத்தூரம்தான். அந்த மாதங்களில் அது கடலைவிட அகன்று கிடந்தது.

அடுத்த வருடத் தொடக்கத்தில், பரிசோதனைக்கு அனுப்பிய கல்துண்டுகளின் முடிவு பதினொரு மாதம் பிந்தி உங்கள் கைக்கு வந்தது. கற்களின் கலவை இரண்டு வகை என்றது அக்கடிதம். வெடித்தது ஒரு மலையல்ல, இரண்டு. ஐந்து ஆண்டு உழைப்பும் அதனால் வந்த பெயரும் பிழையின்மேல் நின்றிருந்தன. அதை வேறெவரும் அறியார்; மறைத்திருந்தால் மறைந்தே போயிருக்கும்.

நீங்கள் குடையை எடுத்துக்கொண்டு காத்தான்குடிக்குத் தனியே நடந்தீர்கள். அங்கால போகவேண்டாமென்று வழியில் தடுத்தவர்களுக்குத் தலையசைத்துவிட்டு நடந்தீர்கள். அன்று நடந்ததை நீங்கள் எவரிடமும் சொன்னதில்லை. இம்மடலை எழுத அமர்ந்த நாளில் மஜீத் காக்கா சொல்லித்தான் நாங்கள் அறிந்தோம்.

கதவைத் திறந்த அவர் மனைவி ஸகியா திகைத்துப்போனாராம். “என்னத்துக்கு மிஸ் இப்பிடித் தனிய வந்தீங்க? இந்த ரோட்டால இப்ப ஆரும் வாறல்லயே.”

நீங்கள் உள்ளே போய் மஜீதின் முன் நின்று, “அண்டைக்கு நீங்க சொன்னதுதான் சரி, மஜீத். கல்லு ரெண்டு மலையால வந்திருக்கு. நான்தான் காதுல போடாம எழுதிற்றன்” என்றீர்கள்.

“இதச் சொல்லவா இவ்வளவு தூரம் நடந்தீங்க? ஒரு கடிதம் போட்டிருக்கலாமே மிஸ்.”

“பிழைய விட்டவ நான். நான்தான் வரணும்.”

அதற்குமேல் இருவரும் கற்களைப் பற்றி மட்டுமே பேசினீர்களாம். இறந்தவர்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆனால் ஸகியா கொண்டுவந்த தேநீர் ஆறும்வரை இருவருக்கும் கண் கலங்கியே இருந்ததாம்.

அந்த நடைக்காக உங்கள் ஊரில் சிலர் இரண்டு மாதம் உங்களோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. நீங்கள் விளக்கம் சொல்லவுமில்லை. ஐந்து மாதம் கழித்து, நிலையம் மீண்டும் திறந்தபோது, மஜீத் வேலைக்கு வந்தார். சிப்பிகளை இருவருமாக அளந்து, பருவக்காற்றுக்கு ஏற்பத் திரும்பும் நீரோட்டங்களைப் பின்னோக்கி வரைந்து, இரண்டு மலைகளும் இருக்கக்கூடிய இடங்களைக் குறித்தீர்கள். கற்களோடு வந்த சிறு பவள உயிர்கள் நம் கரைப்பாறைகளில் குடியேறியதையும் கண்டெழுதினீர்கள். எங்கோ எரிந்த மலை இங்கே உயிர் வளர்த்த செய்தி அது. புதிய கட்டுரையில் உதவியாளர் பெயர் முதலில் வருவது முறையா என்று ஆய்விதழின் ஆசிரியர் குழுவினர் கேட்டபோது, “கண்டவர் பெயர் முன்னால், காணாதவள் பெயர் பின்னால்” என்று ஒரே வரியில் பதில் எழுதினீர்கள். அவ்வாறே அச்சாயிற்று.

கண்டிப்பும் உங்களிடம் உண்டு, அம்மையீர். போத்தல்களில் திகதி எழுதாதவர் எவரும் உங்களிடம் தப்பியதில்லை. ஆயினும் எங்களில் எவர் பிழை செய்தாலும் அஞ்சாமல் வந்து சொல்லும் வழக்கம் இந்நிலையத்தில் இருக்கிறதே, அது உங்களால் வந்தது. இந்த யுத்த காலத்தில், வேறு எங்கே அது இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது.

சித்தாண்டியில் தங்கையாரோடு வாழப்போகிறீர்கள். நோயணுகாத உடலும் அலையடங்கிய மனமும் அங்கே உங்களுக்கு வாய்க்கட்டும்; நூறாண்டு நிறையட்டும்; நிம்மதியான நித்திரை நாள்தோறும் வரட்டும்.

மேல்மாடி ஆய்வுகூடத்தின் சாவியை நீங்கள் இன்னும் ஒப்படைக்கவில்லை என்று காரியாலயத்தில் நினைவூட்டினார்கள். நாங்கள் அதைக் கேட்கப்போவதில்லை.

என்றும் உங்கள் அன்பு மறவா,
கடலாய்வு நிலைய ஊழியர்கள்,
புளியந்தீவு, மட்டக்களப்பு.
ஆவணி, 1997