மைலோவின் இடது முழங்கால்

தேத்தண்ணி ஆறிவிடும், முதலில் குடியுங்கள். என் நர்ஸ் ரமணி உங்கள் விசாரணையில் சொன்னது உண்மைதான். ஆனால் அவளுக்கு எதையும் முழுதாகப் புரிந்துகொள்ளும் பழக்கம் கிடையாது. அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

மைலோ ஒரு பழுப்பு லாப்ரடார். ஜுருவில் கார் விற்கும் தயாளனும் அவர் மனைவி மோகனாவும் வளர்ப்பது. வளர்ப்பது என்றால் ரொட்டி சானாய் ஊட்டிக் கொழுக்க வைப்பது. போன வருடம் அதன் வலது பின்னங்காலில் முழங்கால் தசைநார் அறுந்தது. நான் கீழ்க்கால் எலும்பின் மேல்பகுதியை அறுத்து, கொஞ்சம் திருப்பி, தகடு வைத்து முடுக்கினேன். அப்படிச் செய்தால் அந்த நாரே இல்லாமல் நாய் ஓடும். பினாங்கில் இதை என்னைப் போல் செய்ய ஆளில்லை. இது பெருமை இல்லை, தகவல்.

நாய் ஓடியது. தைப்பூசம் முடிந்ததும் மோகனா கிளினிக்குக்குப் பிரசாதம் கொண்டுவந்தார்.

"எல்லாம் தண்ணிமலை முருகன் செஞ்சது லா, டாக்டர். மைலோ பேருல பால்குடம் எடுத்தேன்."

தயாளனும் தலையாட்டினார். "உங்க கையப் புடிச்சு நடத்துனதே அவருதான், டாக்டர்."

வாங்கிக்கொண்டேன். முருகனுக்கு எலும்பு அறுக்கும் ரம்பத்தைப் பிடிக்கத் தெரியுமா என்று கேட்கவில்லை. எனக்கு மரியாதை தெரியும்.

சில மாதம் கழித்துப் பல் சுத்தம் செய்ய மைலோவை விட்டுப் போனார்கள். அது மயக்கத்தில் கிடந்தது. ரமணியை மருந்து எடுத்துவர அனுப்பினேன். இடது முழங்காலில் கொஞ்சம் முடியை வழித்து, சின்னதாக ஒரு கீறல், உள்ளே ஒரே வெட்டு. நல்ல நார், வெள்ளையாக, உறுதியாக இருந்தது. தையல் போட்டு, மரு ஒன்றை எடுத்ததாகச் சொன்னேன். அந்தத் தம்பதி எதைத்தான் நம்பமாட்டார்கள்? ஒரு காலில் அறுந்தால் மற்றக் காலிலும் அறுவது நாய்களுக்குச் சகஜம் என்பதால் வேறு யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மருந்தோடு திரும்பிய ரமணி மட்டும் பல் சுத்தம் செய்ய முழங்காலை ஏன் வழிக்க வேண்டும் என்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சில நாளில் மைலோ நொண்டியபடி திரும்ப வந்தது. அவர்கள் முன்னாலேயே தொடையை ஒரு கையாலும் கீழ்க்காலை மறு கையாலும் பிடித்து இழுத்து, நார் அறுந்திருப்பதைக் காட்டினேன். மேசை டிராயர் மாதிரி எலும்பு முன்னால் நழுவியது. நாய் முனகியது, மோகனா அழுதார். இந்த முறை யாரைக் கும்பிடப் போகிறார் என்று காத்திருந்தேன்.

"முருகா, இந்தத் தடவ காவடியே எடுக்கிறேன்" என்றார், என் தலைக்கு மேலே சுவரைப் பார்த்து.

அந்தக் காலையும் குறையில்லாமல் சரிசெய்து கொடுத்தேன். வேண்டுமானால் எக்ஸ்ரேயைப் பாருங்கள். நன்றாக இருந்த காலை அறுத்தது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். கொடுமை என்று மட்டும் எழுதாதீர்கள். இன்றைக்கும் மைலோ என்னைக் கண்டால் வந்து கையை நக்குகிறது. தன்னைக் குணப்படுத்தியது யார் என்று அதற்காவது தெரிந்திருக்கிறது.