அடியில் வைத்த துண்டு

செவ்வாய்க்கிழமைகளில் டொக்டர் அருமைநாயகம் காலையில் ஒன்றும் சாப்பிடாமல்தான் வருவார். நான் வீட்டிலிருந்து புட்டும் மீன் சொதியும் கொண்டுபோய் வைப்பேன். டொக்டரும் தாதியும் சேர்ந்து வேலை செய்வதற்கு எங்கள் இருவரையும் உதாரணமாகக் காட்டித் தாதிமார் பயிற்சிக்குப் பாடம் எழுதப்போவதாகச் சொல்கிறீர்கள். எழுதுங்கள். ஆனால் முழுவதையும் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

அது தொண்ணூற்றேழாம் ஆண்டு. வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருந்த எங்கள் சிகிச்சை நிலையத்துக்கு நிரந்தர டொக்டர் கிடையாது. அவர் களுவாஞ்சிக்குடிப் பக்கமிருந்து வாரத்தில் ஒருநாள் வாவியைக் கடந்து வருவார். துறையில் நின்ற ஆமிக்காரர் பின்னேரம் இரண்டு மணிக்குப் படகுப் போக்குவரத்தை நிறுத்திவிடுவார்கள். வருகிற நோயாளிகள் அறுபது பேர் என்றால் அவரால் இருபத்தைந்து பேரைத்தான் பார்க்க முடியும். அதனால் எல்லோரையும் முதலில் நான் பார்ப்பேன். சின்ன வருத்தங்களுக்கு நானே மருந்து கொடுத்து அனுப்பிவிடுவேன். மற்றவர்களுடைய துண்டுச் சீட்டில் என்ன நோய் என்று என் கணிப்பை எழுதி, அவசரத்தின்படி அடுக்கிவைப்பேன். அவர் மேலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கூப்பிடுவார்.

"நீங்க அடுக்கினாச் சரி மிஸ்ஸி. நான் கேள்வி கேக்க மாட்டன்" என்பார்.

பதினாறு வருடம் தாதியாக இருந்தவளிடம் அதுவரை ஒருவரும் அப்படிச் சொன்னதில்லை. அது எனக்குத் தலைக்கேறிவிட்டது.

வினாயகமூர்த்தி வாவியில் மீன் பிடிக்கிறவர். கள் குடிப்பார், வேறு குறை சொல்ல முடியாத மனிதர். காய்ச்சலும் நடுக்கமுமாக வந்தார். இரத்தம் சோதிக்காமலே துண்டில் மலேரியா என்று எழுதி, குளிசை கொடுத்து அனுப்பினேன். அந்த நாளில் யாரும் அப்படித்தான் செய்திருப்பார்கள்.

அடுத்த செவ்வாய் திரும்பி வந்தார். வலது தோளில் நோகிறது என்றார். விலாவுக்குக் கீழே அழுத்திப் பார்த்தேன். என் கையைப் பிடித்துத் தள்ளினார். அது மலேரியா இல்லை, ஈரலில் சீழ் என்று அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. ஊசி போட்டுச் சீழை எடுக்க வாவிக்கு அப்பால் பெரிய ஆசுபத்திரிக்கு அனுப்ப வேண்டும். டொக்டரின் கடிதம் இல்லாமல் வினாயகமூர்த்தியின் வயது ஆண்களை ஆமி கடக்க விடாது.

அன்று டொக்டரோடு சுகாதார அதிகாரிகள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். "மிஸ்ஸி பாத்தா நான் பாத்த மாதிரி. ஒண்டையும் தவற விடமாட்டா" என்று அவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். வினாயகமூர்த்தியின் துண்டில் என் கையெழுத்தில் மலேரியா என்று இருந்தது. அந்தத் துண்டை அடுக்கின் அடியில் வைத்தேன்; இரண்டு மணிக்குள் டொக்டரின் கை அதுவரை எட்டவில்லை. கிழித்துவிட்டுப் புதிதாக ஒன்று எழுதியிருக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். நான் பொய் எழுதுகிறவள் இல்லை.

மூன்றாவது செவ்வாய் வினாயகமூர்த்தியின் மனைவி கண்ணகை அவரைச் சைக்கிள் கரியரில் இருத்தி, தள்ளிக்கொண்டு வந்தாள். அன்று அடியில் வைக்கவில்லை, அடியிலிருந்து மூன்றாவதாக வைத்தேன். முறையாக நேரம் கிடைத்திருந்தால் டொக்டர் பார்த்திருப்பார். நேரம் கிடைக்காது என்பது எனக்குத் தெரியும்.

"மிஸ்ஸி, டொக்டர் ஒருக்காப் பாத்தா என்ன? மனிசன் ராவு முழுக்க முனகுறார்."

"மலேரியா அப்பிடித்தான் புள்ள. இழுத்துத்தான் விடும்" என்றேன். அவள் நம்பிப் போனாள். என்னை எல்லோரும் நம்பினார்கள்.

சனிக்கிழமை அவர் செத்துப்போனார்.

அடுத்த வாரம் டொக்டர் கண்ணகையிடம் விபரம் கேட்டவுடனேயே ஈரலில் சீழ் என்று விளங்கிக்கொண்டார். துண்டைத் தேடி எடுத்துப் பார்த்தார்.

"முதல் கிழமையில ஆருக்கும் மலேரியா எண்டுதான் தோணும். அதில பிழையில்ல" என்றார். நான் இரண்டு வாரமாகப் பயந்தது அந்த ஒரு பேச்சோடு முடிந்துபோயிற்று. பிறகு கேட்டார்: "அவர்ர துண்டு அடுக்கில இருந்ததா மிஸ்ஸி?"

"இருந்தது டொக்டர். நேரந்தான் காணல்ல."

அவர் கண்ணகை வீட்டுக்குப் போய்க் கைகூப்பி நின்றார். "நான் இன்னும் கொஞ்ச நேரம் நிண்டிருக்கணும் அம்மா. என்ர பிழை" என்றார். அவருடைய பையைப் பிடித்துக்கொண்டு நான் பக்கத்தில் நின்றேன். வெட்கத்தில் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். துக்கம் என்று கண்ணகை நினைத்து என் கையைப் பிடித்தாள். இழுத்துக்கொள்ளவில்லை.

டொக்டர் இப்போது லண்டனில் இருக்கிறார். வருடத்துக்கு ஒரு கடிதம் வரும். வினாயகமூர்த்தியைப் பார்க்காமல் படகேறியது இன்னும் மனதை உறுத்துகிறது, மங்கையற்கரசி மிஸ்ஸி என்று ஒவ்வொன்றிலும் எழுதுகிறார். நான் பதில் போடப் பிந்துவதில்லை. பிழை எவருக்கும் வரும், மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளாதீர்கள், நான் உங்களை ஒருநாளும் குறையாக நினைத்ததில்லை என்று எழுதுகிறேன்.